கலண்டரில் நாலு சொல்

சுவர்க் கலண்டரோடு ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கண்ணில் பட்டதை அன்றைய கட்டத்திலேயே நாலு சொல்லில் எழுதுங்கள்: ‘கச்சான் காற்று தொடங்கிற்று’, ‘முருங்கை பூத்தது’, ‘பக்கத்து வீட்டுப் பூனை, மூன்று குட்டி’. தனிக் கொப்பி வேண்டாம். நான் வைத்த கொப்பியில் எழுத இரண்டாம் வாரமே மறந்துபோனது.

நம் இலங்கைக் கலண்டரில் போயா நாள், அதாவது பௌர்ணமி, ஏற்கெனவே குறித்திருப்பது பெரிய வசதி. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான பௌர்ணமி இரவுகள்தான் தோது. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வையுங்கள். கேட்டதோ இல்லையோ, அதையும் எழுதுங்கள். என் கலண்டரில் இரண்டு மாதம் ‘மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும்’ என்றிருக்கிறது.