சுற்றத் தயங்கிய சிடி பிளேயர்

டிசம்பர் பனியில் எங்கள் குன்னூர் வீட்டு சிடி பிளேயர் படுத்துவிட்டது. டிஸ்க் தயங்கித் தயங்கிச் சுற்றும், பிறகு 'நோ டிஸ்க்' என்று காட்டும். அப்பாவின் நாகஸ்வர சிடிகள் அதில்தான் ஓடும்; தூக்கிப்போட மனம் வரவில்லை.

லென்ஸைத் துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. சிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுவது. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று வேண்டும், விளிம்பில் 200 போதும். டிஸ்கைச் சுழற்றும் மோட்டார் தேய்ந்திருந்தால் அந்த முதல் வேகத்துக்கே திணறும். மோட்டாரின் ஒயரைப் பிரித்து மல்டிமீட்டரை வைத்து, அதன் தண்டைக் கையால் மெல்லத் திருப்பினேன். மின்தடையைக் காட்டும் ஓம் அளவு தாறுமாறாகக் குதித்தது. சரி, மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் போய்விட்டது.

கோவைக்குப் போன தம்பி அதே அளவில் 5.9 வோல்ட் மோட்டார் வாங்கி வந்தான். இங்கேதான் கவனம் வேண்டும்: டிஸ்க் உட்காரும் தட்டைக் கழற்றும் முன் அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நான் வெர்னியரில் அளந்து, இரு பக்கமும் சமமாக நெம்பி எடுத்து, புதிய தண்டில் அதே உயரத்துக்குச் சிறிது சிறிதாக அழுத்தினேன். உயரம் தவறினால் லென்ஸ் ஃபோகஸ் ஆகத் திண்டாடும். அப்புறம் ஒயர்களை இடம் மாறாமல் பற்றவைத்தேன். மாறினால் டிஸ்க் எதிர்ப்பக்கம் சுற்றும்.

மாலையில் அப்பா தோடியைப் போட்டார். தயங்காமல் எடுத்தது.