பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் இல்லை என்று நிறுத்தியபோது

செக்-இன் கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஆறு மாசம் வேலிடிட்டி இல்லை, ஏற்ற முடியாது" என்றார். மலிவு விலை விமானம் வேறு. டிக்கெட் பணம் திரும்பி வராது. நான் போவதோ ஷெங்கன் நாட்டுக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றுக்கு. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியானால் போதும். பாஸ்போர்ட் வழங்கி 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வாக்குவாதத்தில் இறங்காமல், "டைமாட்டிக்கில் ஒரு தடவை பாருங்களேன்" என்றேன். நுழைவு விதிகளுக்காக விமான நிறுவனங்கள் பார்க்கும் தரவுத்தளம் அது, அவற்றின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா நடத்துவது. திரும்பும் டிக்கெட்டையும் நீட்டினேன், 3 மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதானே. தட்டிப் பார்த்தார், மேலதிகாரியைக் கூப்பிட்டார், அப்புறம் போர்டிங் பாஸ் வந்தது. அவரும் பாவம், ஆவணம் சரியில்லாதவரை ஏற்றினால் அபராதம் நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

இந்தோனேசியாவுக்கு என்றால் இந்தப் பேச்சு எடுபடாது. அங்கே 6 மாதம் கட்டாயம்.