பிள்ளைகளோடு கார்ட்டூன் படம் பார்க்கும்போது பெரியவர்கள் விடும் தவறுகள்

பள்ளி விடுமுறை நாட்களில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, சிறுவர்களுக்குக் கார்ட்டூன் படம் காட்டுவதைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகள் இருப்பார்கள். பின்னால் பிளாஸ்ரிக் கதிரைகளில் அவர்களைக் கூட்டிவந்த அம்மாமாரும் அம்மம்மாமாரும் இருப்பார்கள். பாயில் இருந்தவர்களும் கதிரையில் இருந்தவர்களும் கடைசி வரை ஒன்றாக லயித்துப் பார்த்த படங்கள் மிகச் சிலவே. எங்கே பிழைத்தது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தபோது, குறை பெரும்பாலும் நாங்கள் படத்தைத் தெரிவு செய்த விதத்திலும் அதைப் பார்த்த விதத்திலும் இருந்தது தெரிந்தது. இதே தவறுகளை வீட்டில் பார்ப்பவர்களும் திரையரங்குக்குக் கூட்டிச் செல்பவர்களும் விடுவதால், அவற்றை இங்கே எழுதுகிறேன்.

கார்ட்டூன் என்றால் அது சிறுவர் படம்தான் என்று எண்ணுவது முதல் தவறு. கார்ட்டூன் என்பது படம் செய்யப்பட்ட முறையைச் சொல்லும் பெயரே ஒழிய, அது யாருக்கானது என்பதைச் சொல்லும் பெயரில்லை. ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி 1988 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் இரண்டு படங்களை ஒரே காட்சியாகச் சேர்த்து வெளியிட்டது. ஒன்று, நாட்டுப்புறத்துக்குக் குடிவந்த இரண்டு சிறுமிகள் காட்டில் வாழும் பெரிய உருவம் ஒன்றைக் கண்டு நட்பாகும் ‘மை நெய்பர் டொடோரோ’. மற்றது, 1945 இல் கோபே நகரத்தின் மீது குண்டுகள் விழுந்தபின் தாயை இழந்த அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பசியால் மெலிந்து சாகும் ‘கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்’. இரண்டும் ஒரே நிறுவனத்தின் கையால் வரைந்த படங்கள், இரண்டிலும் பிள்ளைகள்தான் நாயகர்கள். அட்டையை மட்டும் பார்த்து எடுத்தால் எது எதுவென்று தெரியாது.

இரண்டாவது படத்தில் விமானம் வருவதற்கு முன் ஒலிக்கும் அபாயச் சங்கைக் கேட்கும்போது, பொம்பர் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடிய தலைமுறைக்கு என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது மிகச் சிறந்த படம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையும் அறுபது வயது அப்பம்மாவும் ஆயத்தமில்லாமல் ஒன்றாக இருந்து பார்க்கும் விடுமுறைப் படமாக அதை நான் காட்ட மாட்டேன். ‘எல்லோருக்கும் உகந்தது’ என்ற சான்றிதழையும் முழுதாக நம்ப முடியாது. முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் ‘வோட்டர்ஷிப் டவுன்’ 1978 இல் பிரித்தானியாவில் அத்தகைய சான்றிதழோடுதான் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகே அதற்குப் பெற்றாரின் வழிகாட்டல் வேண்டும் என்று மாற்றினார்கள். ஆகவே பிள்ளைக்குக் காட்டும் முன் பெரியவர் ஒருவர் படத்தைத் தனியாகப் பார்த்துவிடுவதே வழி. முழுதாகப் பார்க்க நேரமில்லை என்றால் முதல் பதினைந்து நிமிடத்தையாவது பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. துக்கமும் சாவும் வரும் படமே வேண்டாம் என்று ஒதுக்கி, ஓட்டமும் சத்தமும் மட்டும் உள்ளவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. 2003 இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ ஒரு தாய் மீனின் சாவோடுதான் தொடங்குகிறது. அந்த இழப்பு இல்லையென்றால், எஞ்சிய ஒற்றை மகனை ஒரு கணமும் தனியே விடப் பயப்படும் தகப்பன் மீனின் பதற்றம் நமக்கு விளங்காது. பிள்ளை அங்கே தொலைந்துபோன குட்டி மீனின் துணிச்சலைப் பார்க்கிறது. கதிரையில் இருக்கும் தாய், மகனைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பிவிட்டுப் போன் அழைப்புக்குக் காத்திருக்கும் தன்னையே பார்க்கிறாள். 2009 இல் வந்த ‘அப்’ படத்தின் தொடக்கத்தில், கார்ல், எல்லி என்ற இருவரின் மணவாழ்க்கை முழுவதும் பேச்சே இல்லாமல் சில நிமிடங்களில் கடந்து போகிறது: வீடு பூசுவது, பிள்ளைக்கு ஏங்குவது, பயணத்துக்குச் சேர்த்த சில்லறைப் போத்தலை ஒவ்வொரு செலவுக்கும் உடைப்பது, கடைசியில் கார்ல் மட்டும் தனித்துப்போவது. நாங்கள் அதைக் காட்டிய அன்று பின்வரிசையில் சேலைத் தலைப்புகள் கண்ணுக்குப் போயின. முன்வரிசையில் ஒரு சிறுவன் திரும்பி, “அம்மா, அந்த அன்ரி எங்க போனவ?” என்று கேட்டான். “செத்துப்போனா அப்பன்” என்று தாய் மெதுவாகச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, வீட்டைத் தூக்கிப் பறக்கப்போகும் பலூன்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். இரு தரப்பாருக்கும் ஏற்ற படம் என்று நான் சொல்வது இதைத்தான். காட்சி ஒன்றுதான். பிள்ளை தன் உயரத்துக்கு எட்டியதை எடுத்துக்கொள்ள, பெரியவருக்கு மேலும் மிச்சம் இருக்கிறது.

பெரியவர்களுக்கென்று தனியாகச் சில பகிடிகளைச் செருகிவிட்டால் படம் எல்லோருக்கும் உரியதாகிவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. அமெரிக்கத் தொலைக்காட்சியையும் அங்கத்தைய பிரபலங்களையும் தெரிந்தவருக்கே சிரிப்பு வரும் அந்தப் பகிடிகள், எங்கள் மண்டபத்தில் பாயிலும் விழுவதில்லை, கதிரையிலும் விழுவதில்லை. தமிழ்ப் பதிப்பில் அவற்றைச் சென்னைப் பேச்சு வழக்கின் நகைச்சுவையாக மாற்றும்போது சில இடங்களில் நன்றாகவே வாய்க்கிறது. ஆனாலும் சிரிப்பொலியை வைத்துப் படத்தை அளப்பது பிழை. 2015 இல் வந்த ‘இன்சைட் அவுட்’ பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் மனத்துக்குள் ஐந்து உணர்ச்சிகளை ஐந்து ஆட்களாக உலவவிடுகிறது. வீடு மாறி வந்த துயரத்தை அவள் சொல்ல இடமில்லாமல், எப்போதும் சந்தோசமான பிள்ளையாக இருக்கவேண்டியிருப்பதுதான் கதையின் முடிச்சு. புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கும் பிள்ளை அழுதால் “அழாதே, படி” என்று சொல்லிப் பழகிய பெற்றார், அந்த மண்டபத்தில் சிரிக்கவில்லை, யோசித்தார்கள். அதுவும் படம் அவர்களைப் பிடித்துவைத்ததற்கான அடையாளமே.

மொழி விடயத்தில் யாழ்ப்பாணத்துப் பெற்றார் அடிக்கடி தவறு விடுகிறார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் பழகட்டும் என்று ஆங்கிலப் பதிப்பையே போடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையால் கீழே ஓடும் எழுத்தை வாசித்து முடிக்க இயலாது, அம்மம்மாவுக்கும் பேச்சு விளங்காது. இருவரும் கைவிடப்பட, படம் ரியூசனின் தொடர்ச்சியாகிவிடுகிறது. குடும்பமாகப் பார்க்கும் நாளில் தமிழ்ப் பதிப்பைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் இன்னொரு நாள் பார்க்கலாம். தமிழில் கிடைக்காவிட்டால் பேச்சில்லாத, அல்லது மிகக் குறைந்த பேச்சுள்ள படங்கள் இருக்கின்றன. ‘வோல்-ஈ’ படத்தின் முதற்பகுதி ஏறத்தாழப் பேச்சின்றியே நகர்கிறது.

நீளத்தையும் நேரத்தையும் கவனியாதிருப்பது சிறிய தவறு, ஆனால் மாலையையே கெடுத்துவிடும். ‘டோய் ஸ்டோரி’ 81 நிமிடம். 2023 இல் வந்த சிலந்தி மனிதன் கார்ட்டூன் படம் 140 நிமிடம். பின்னையதை இரவுக் காட்சியில் பார்க்கப் போன ஐந்து வயதுப் பிள்ளை நித்திரை கொள்ளும், அல்லது அழும்.

பிள்ளையைத் திரைக்கு முன் இருத்திவிட்டுத் தாங்கள் போனுக்குள் போய்விடும் பெரியவர்களைப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது. பிள்ளை பயந்த இடத்திலும் வியந்த இடத்திலும் திரும்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் ஒரு முகம் அங்கே இருக்க வேண்டும். அதேபோல் காட்சிக்குக் காட்சி விளக்கம் சொல்வதும், படம் முடிந்து விளக்குப் போட்டவுடன் “இதில இருந்து என்ன படிச்சனீ?” என்று கேள்வித்தாள் நீட்டுவதும் வேண்டாம். பிள்ளை தானாகக் கதைக்கும், சில வேளை இரண்டு நாள் கழித்து, கிணற்றடியில் குளித்துக்கொண்டு நிற்கும்போது.

கடந்த விடுமுறையில் ‘ஃப்ளோ’ காட்டினோம். லத்வியாவில் உருவாகி, 2025 இல் சிறந்த கார்ட்டூன் படத்துக்கான ஒஸ்கார் பெற்ற அந்தப் படத்தில் ஒரு சொல் பேச்சுக்கூட இல்லை. வெள்ளம் பெருகிய உலகத்தில் ஒரு பூனையும் வேறு சில விலங்குகளும் ஒரு படகில் சேர்ந்து போகின்றன. பெருவெள்ளம் வருமுன் மான்கூட்டம் காட்டுக்குள்ளால் தெறித்து ஓடும் காட்சியில், வடமராட்சி கிழக்கிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த அம்மா ஒருவர் கதிரையிலிருந்து முன்னுக்கு வந்து பேத்திக்குப் பக்கத்தில் பாயில் இருந்துவிட்டார். கடல் வந்த 2004 மார்கழியை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “அண்டைக்கு எங்கட நாயும் இப்பிடித்தான் முதலே ஓடினது” என்றார். பேத்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “பிறகு வந்ததோ அம்மம்மா?” வந்தது என்றார். பூனை படகில் ஏறும் வரை இருவரும் கையைப் பிடித்தபடியே இருந்தார்கள்.