பைதான் 3.7-ஐக் கைவிட்டபோது நான் மறந்த ஒரு வரி

ரூபாய்த் தொகையைத் தமிழ் எழுத்தில் மாற்றித் தரும் சின்ன லைப்ரரி (மற்ற நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்) ஒன்றைப் பைதான் நிரல் மொழியில் எழுதிப் பராமரிக்கிறேன். 2023 ஜூனில் பைதான் 3.7-க்கான ஆதரவு முடிந்ததும், இனி நானும் அதைச் சுமக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். 3.8-இல் வந்த ':=' குறியை ஆசை தீரப் பயன்படுத்தி, புதிய பதிப்பை, பைதான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் மூன்று புகார்கள். லைப்ரரியை இம்போர்ட் செய்த (நிரலுக்குள் அழைத்த) உடனேயே சின்டாக்ஸ் எரர், அதாவது இலக்கணப் பிழை. மூவரும் 3.7-இல்தான் இருந்தார்கள், அதற்கு ':=' புரியாது. கைவிட்டதில் தப்பில்லை, அதை, பைபிஐயிலிருந்து லைப்ரரிகளை எடுத்து நிறுவும் கருவியான பிப்புக்குச் சொல்லாததுதான் தப்பு. எந்தப் பைதான் பதிப்பு தேவை என்று சொல்லும் 'ரிக்வயர்ஸ்-பைதான்' என்ற வரியையே நான் எழுதியிருக்கவில்லை.

சரி என்று '>=3.8' (3.8 அல்லது அதற்கு மேல்) என்ற நிபந்தனையைச் சேர்த்து அடுத்த பதிப்பை வெளியிட்டேன். புகார் நிற்கவில்லை! 3.7-இல் ஓடும் பிப், இந்தப் புதிய பதிப்பைத் தாண்டி அதற்கு முந்தையதை எடுக்கிறது. முந்தையதோ அதே உடைந்த பதிப்பு. அதில்தான் நிபந்தனையே கிடையாதே. அதை பைபிஐயில் 'யாங்க்' செய்த பிறகுதான் அடங்கியது. யாங்க் என்றால் அழிப்பதல்ல. எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்பவர்களுக்கு அது இன்னும் கிடைக்கும். 3.7-இல் இருந்த மற்றவர்களுக்கு, ஒழுங்காக ஓடிய பழைய பதிப்பு தானாகப் போய்ச் சேர்ந்தது.

3.8-ஐ 2024 அக்டோபரில் அதன் ஆதரவு முடிந்த பிறகுதான் விட்டேன். இந்த முறை முதல் கமிட்டே (பதிவு செய்த மாற்றமே) அந்த நிபந்தனை வரிதான்.