பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் ஒரு ஞாயிறு: காலையில் பழம்பொருள் சந்தை, பிற்பகலில் பழைய ஊர்

பிரான்சின் கிராமப்புறத்துக்குப் பயணம் போகிறவர்கள் கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் முதலில் குறித்துக்கொண்டு, வழியில் சந்தை ஏதாவது கண்ணில் பட்டால் இறங்கிப் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் போடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் பழம்பொருள் சந்தை கூடுகிறது என்று முதலில் பார்த்து, அதைச் சுற்றி மற்ற இடங்களை அமைத்துக்கொள்ள வேண்டும். காலையில் சந்தையில் கையில் எடுத்துப் பார்த்த ஒரு பொருள் எந்தத் திண்ணையில், எந்த நீர்த்துறையில் புழங்கியது என்பதை அன்று பிற்பகலே அந்த வட்டாரத்துப் பழைய தெருக்களில் பார்த்துவிடலாம் என்பதுதான் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதன் பயன்.

சந்தைகளில் வகை உண்டு. 'வீத் கிரனியே' என்பது ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததை இறக்கிக்கொண்டுவந்து விற்கும் சந்தை. உள்ளூராட்சியின் ஒப்புதலோடு பள்ளிப் பெற்றோர் சங்கமோ கால்பந்துக் குழுவோ இதை நடத்தும். தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் இவ்வாறு விற்கக் கூடாது என்றும், தாம் பயன்படுத்திய சொந்தப் பொருள்களை மட்டுமே விற்க வேண்டும் என்றும் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஆகவே அங்கே நிற்பவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள் அல்லர். பாட்டி வீட்டைக் காலி செய்பவர்கள், வீடு மாறுபவர்கள். குழந்தைகளின் பழைய துணிகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும் முக்கால்வாசி மேசைகளை நிறைத்திருக்கும்; மீதியில்தான் நமக்கு வேலை. 'பிரொகாந்த்' எனப்படும் சந்தையில் பெரும்பாலும் தொழில்முறை வியாபாரிகளே இருப்பார்கள். பொருள் துடைத்து அடுக்கப்பட்டிருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். தெற்கே புரோவான்ஸ் பகுதியிலுள்ள லீல் சுர் லா சோர்க் இந்த இரண்டாம் வகையின் தலைநகர் போன்றது. ஈஸ்டர் விடுமுறையிலும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டியும் அங்கே பெரிய பழம்பொருள் விழா நடக்கிறது. கண்ணுக்கு விருந்து என்ற அளவில் அதைப் பாருங்கள். வாங்குவதற்குப் பெயர் தெரியாத ஊரின் வீத் கிரனியேவே மேல் என்பது என் கருத்து.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் தென்மேற்குப் பகுதியைப் பரிந்துரைப்பேன். தொர்தோன், லோத், தார்ன் ஆகிய மாவட்டங்களில் இடைக்காலச் சிற்றூர்கள் அரை மணி, முக்கால் மணி நேரப் பயணத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன, சந்தைகளும் குறைவில்லை. நாளுக்கொரு விடுதி மாறாமல் ஒரே ஊரில் சில இரவுகள் தங்கிச் சுற்றுவதே வசதி. ஞாயிற்றுக்கிழமையில் கிராமப் பேருந்துகளை நம்ப முடியாது என்பதால் வாடகைக் கார் தேவைப்படும். சாலையோரம் ஊர்ப்பெயர் எழுதிய பலகையைக் கடந்த கணமே, வேறு பலகை இல்லாவிட்டாலும், மணிக்கு 50 கிலோமீட்டர் என்ற வேகவரம்பு தொடங்கிவிடுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சந்தைக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். ஞாயிறுகளோடு மே 1, மே 8, ஜூலை 14, ஆகஸ்ட் 15 போன்ற பொது விடுமுறைகளிலும் கூடும். பிரொகாபிராக் போன்ற இணையதளங்களில் மாவட்ட வாரியாக அந்த வாரப் பட்டியலைப் பார்க்கலாம். இருந்தாலும் ஊருக்கு வெளியே உள்ள ரவுண்டானாக்களில், பளிச்சென்ற அட்டையில் கையால் எழுதிக் கம்பத்தில் கட்டியிருக்கும் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே போங்கள். மிகச் சிறிய சந்தைகள் சில அப்படித்தான் தெரியவரும்.

விற்பவர்கள் விடியும்போதே மேசை போட்டுவிடுவார்கள். கைவிளக்கோடு சுற்றும் வியாபாரிகள் நல்லதையெல்லாம் அப்போதே அள்ளிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் தேடுவது வேறு, நாம் தேடுவது வேறு. ஏழரை, எட்டு மணிக்குப் போனால் போதும். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் விலை கேட்டு நச்சரிக்காமல், சங்கத்தார் போட்டிருக்கும் கொட்டகையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டு நீங்களும் உட்கார்ந்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் மிச்சத்தை மறுபடி காரில் ஏற்ற மனமில்லாதவர்கள் விலையைத் தாங்களே இறக்குவார்கள். பணம் ரொக்கமாக, சில்லறையாக இருக்க வேண்டும். சின்ன ஊர்களில் ஏடிஎம் இருக்கும் என்று எண்ணிவிடாமல் முதல் நாளே ஐந்து, பத்து யூரோ தாள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பொருள்களுக்கு வருவோம். ஒன்றிரண்டைத் தேர்ந்து பார்க்கத் தெரிந்துகொண்டாலே சந்தை சுவைக்கத் தொடங்கிவிடும். சிகரெட் பெட்டியிலோ தகர டப்பாவிலோ கறுத்துக் கிடக்கும் கரண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றை எடுத்துத் திருப்பி, காம்பின் பின்புறத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். தலைக்கவசம் அணிந்த மினர்வா தெய்வத்தின் தலை, கடுகளவு முத்திரையாகத் தென்பட்டால் அது வெள்ளி. 1838 முதல் பிரான்சில் வெள்ளிக்கு இடப்படும் அரசு முத்திரை அதுதான். முத்திரைக்குள் 1 என்றிருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, 2 என்றிருந்தால் 800 பங்கு. அருகிலேயே செய்தவரின் முத்திரை சாய்சதுர வடிவில் இருக்கும். அதற்கு மாறாக நேர்ச் சதுர முத்திரையும் 84 போன்ற ஓர் எண்ணும் இருந்தால் அது வெள்ளி முலாம் பூசிய கரண்டி. பூச்சுக்குச் செலவான வெள்ளியின் எடையைத்தான் அந்த எண் குறிக்கிறது. முலாம் பூசியதும் அன்றாடப் புழக்கத்துக்கு நன்றாகவே இருக்கும், விலை மட்டும் வெள்ளி விலையாக இருக்கக் கூடாது. ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி பையில் இருந்தால் இந்த ஆராய்ச்சி எளிது.

செம்புப் பாத்திரங்களில் உட்புறத்தைப் பாருங்கள். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் போலவே அங்கும் உள்ளே வெள்ளீயம் பூசியிருப்பார்கள். அது தேய்ந்து செம்பு தெரிந்தால் சமைப்பதற்கு மீண்டும் பூச வேண்டும் என்று கணக்கிட்டே விலை பேசுங்கள். லினன் படுக்கை விரிப்புகளில் மூலையில் சிவப்பு நூலால் குடும்பத்தின் முதலெழுத்துகளைத் தைத்திருப்பார்கள். விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தால் மடிப்புக் கோடுகளில் விழுந்த ஓட்டைகளும் ஒட்டுத் தையல்களும் தெரிந்துவிடும். பீங்கானை விரல்முட்டியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல். பெஷோ நிறுவனத்தின் மரப்பெட்டிக் காப்பிக்கொட்டை அரைவைக் கருவி அடிக்கடி கண்ணில் படும்; கைப்பிடி சுற்றுகிறதா, கீழ் அறை இழுபடுகிறதா என்று பார்த்தால் போதும். துராலெக்ஸ் கண்ணாடித் தம்ளர்களின் உள்ளடியில் ஓர் எண் இருக்கும். அது அச்சின் எண்தான் என்றாலும், பள்ளி உணவுக்கூடத்தில் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் 'வயது' சொல்லி விளையாடாத பிரெஞ்சுக் குழந்தை அபூர்வம். விற்பவரிடம் தம்ளரின் அடியைக் காட்டினால் பேச்சுத் தொடங்கிவிடும்.

பழைய அஞ்சலட்டைகளின் பெட்டிகளை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். வியாபாரிகள் அவற்றை மாவட்ட வாரியாக அடுக்கி, கடைசியில் முன்னாள் குடியேற்ற நாடுகளுக்கென்று ஒரு பகுதி வைத்திருப்பது வழக்கம். 1900களின் தொடக்கத்தில் அச்சான புதுச்சேரி, காரைக்கால் காட்சிகள் அங்கே கிடைப்பதுண்டு. வேறு எதையும் வாங்காத தமிழ்ப் பயணிக்கும் அந்தப் பெட்டி போதும்.

பேரம் பேசும் முறை நம்முடையதிலிருந்து வேறுபட்டது. முதலில் "போன்ஜூர்" சொல்லாமல் பொருளைத் தொடுவது அங்கே மரியாதைக் குறைவு. வணக்கம் சொல்லி, எடுத்துப் பார்க்கலாமா என்று சைகையால் கேட்டு, பிறகே விலை கேளுங்கள். சொன்ன விலையில் பாதியைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டினால் யாரும் பின்னால் கூப்பிடமாட்டார்கள். பத்து யூரோ சொன்னதை எட்டுக்குக் கேட்கலாம்; இரண்டு மூன்று பொருள்களைச் சேர்த்து ஒரே விலை கேட்டால் இன்னும் இறங்கி வருவார்கள். ஒரு யூரோ, இரண்டு யூரோ பொருளுக்குப் பேரம் பேசாதீர்கள். அந்தப் பொருள் எதற்குப் பயன்பட்டது என்று கேட்பது பேரத்தைவிடப் பலன் தரும்; அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டாலும் பதில் நீளமாகவே வரும்.

வாங்கியதைக் காரில் வைத்துவிட்டு, பிற்பகலில் அருகிலுள்ள பழைய ஊருக்குப் போங்கள். தொடக்கத்துக்கு 'பஸ்தீத்' எனப்படும் திட்டமிட்ட இடைக்கால ஊர்களில் ஒன்று பொருத்தம். மோன்பஸியே அவற்றுள் மிகத் தெளிவானது. அப்போது அந்தப் பகுதியின் சில நிலங்களை ஆண்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1284இல் நிறுவிய இவ்வூர், ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 220 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம். தெருக்கள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. நடுவிலுள்ள சதுக்கத்தைச் சுற்றி வீடுகளின் கீழ்த்தளம் வளைவுத் தாழ்வாரமாக இருக்கிறது. சதுக்கத்தின் ஒரு பக்கம் மரத்தூண்கள் தாங்கும் சந்தைக் கொட்டகை நிற்கிறது. தானியம் அளந்த பழைய அளவைகள் இன்னும் அதற்குள் இருக்கின்றன. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள்கூட நிமிர்ந்து நடக்க முடியாத இடுக்கு விட்டிருப்பதைக் கவனியுங்கள். தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது.

எந்த ஊரானாலும் சதுக்கத்தில் தொடங்கி, பிறகு சரிவு இறங்கும் திசையில் நடந்து ஊர்ப் பொதுவில் துணி துவைக்கும் நீர்த்துறையைத் தேடுங்கள். கூரை வேய்ந்த, சாய்ந்த கல்விளிம்பு கொண்ட இந்தத் தொட்டிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. காலையில் சந்தையில் பார்த்த மரத்தட்டுக் கட்டையும், முழங்கால் வைக்கும் மூன்று பக்க மரப்பெட்டியும் எதற்கென்று அந்தக் கல்லின் முன் நின்றால் சொல்லாமலே விளங்கும். தெருக்களில் நடக்கும்போது கடைக் கண்ணாடிக்கு மேலே பாருங்கள். தரைத்தளம் பலமுறை மாறியிருக்கும், மாடி மாறியிருக்காது. மரச்சட்ட நிரப்புச் சுவர்களும், கதவு நிலையின் கல்லில் செதுக்கிய ஆண்டும் அங்கேதான் இருக்கும். தேவாலயக் கதவு சாத்தியிருந்தாலும் தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

பஸ்தீத்தைப் பார்த்த பிறகு குன்றின்மேல் ஏறும் ஊர் ஒன்றைப் பார்த்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். துலூஸ் கோமான் ஏழாம் ரேமோன் 1222இல் நிறுவிய கோர்த் சுர் சியெல் அதற்கு ஏற்றது. காரை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, வழுக்காத செருப்போடு கற்பாவிய தெருவில் ஏற வேண்டும். சர்லா நகரமும் கட்டாயம் பார்க்கத் தக்கது. பழைய நகர்ப்பகுதிகளை இடித்துத் தள்ளாமல் முழுமையாகப் பாதுகாக்க வழிசெய்த 1962ஆம் ஆண்டின் மல்ரோ சட்டம் முதலில் செயலுக்கு வந்த ஊர்களில் அது ஒன்று. ஆனால் கோடையில் அங்கே கூட்டம் தாங்காது. 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்று 1982இல் கொலோஞ் லா ரூஜின் மேயர் தொடங்கிய சங்கத்தின் பலகை தொங்கும் ஊர்களிலும் அதே கதைதான். அந்தப் பலகை இல்லாத பக்கத்து ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவராவது உங்களோடு பேசுவார். ஞாயிறு பிற்பகலில் ரொட்டிக்கடையும் மளிகைக்கடையும் மூடியிருக்கும், திங்கட்கிழமை பல உணவகங்களும் திறக்காது. இரவு உணவுக்குத் தேவையானதைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

ஊர் திரும்பும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒப்பினெல் போன்ற மடக்குக் கத்திகளைக் கைப்பையில் வைக்கவே கூடாது, விமானத்தில் ஏற்றி அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். யானைத் தந்தப் பிடி போட்ட கத்திகளும் ஆமை ஓட்டில் செய்த பெட்டிகளும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இந்தியாவுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தராது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்குக் கடைகளில் கிடைக்கும் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறும் சலுகை, வீத் கிரனியேவில் தனிநபரிடம் வாங்கிய பொருளுக்குக் கிடைக்காது. தொழில்முறை வியாபாரியிடம் விலை கூடிய பொருளை வாங்கினால் மட்டும், பொருளின் காலமும் விலையும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்டால் காட்ட உதவும். பீங்கானைச் சுற்றத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, சந்தையில் வாங்கிய லினன் விரிப்பே அதற்குப் போதும்.