செல் சவ்வை ஆராய வரும் இயற்பியல்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்பியல் படித்துவிட்டு செல் சவ்வு ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்குக் கணக்கு நன்றாகவே வரும். சவ்வு வளைய ஆகும் ஆற்றலைச் சொல்லும், இயற்பியலாளர் ஹெல்ஃப்ரிக் 1973-இல் எழுதிய சமன்பாடு அவர்களைப் பயமுறுத்தாது. சறுக்குவது பெரும்பாலும் லிப்பிடை, அதாவது சவ்வை உருவாக்கும் கொழுப்பு மூலக்கூறுகளை, கையாளும் மேசையில்தான்.

லிப்பிட் குளோரோஃபார்மில் கரைந்து ஃப்ரீசரில் இருக்கும். அதைப் பிளாஸ்டிக் முனை மாட்டிய பிப்பெட்டால் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் இருக்கும் கண்டதையும் குளோரோஃபார்ம் கரைத்து இழுத்துவரும், அந்த அழுக்கு நேராகச் சவ்வில் போய் உட்காரும். கண்ணாடி சிரிஞ்ச்தான் சரி. குப்பி அறை வெப்பநிலைக்கு வரும் முன்பே திறந்தால் ஈரம் இறங்கிவிடும். மூடும் முன் நைட்ரஜன் ஊத மறந்தால், இரட்டைப் பிணைப்புள்ள லிப்பிட் ஆக்சிஜனேற்றமாகிக் கெடும். டிபிபிசி (DPPC) என்ற லிப்பிட் 41 டிகிரி செல்சியஸில்தான் இளகும். அதை அறை வெப்பநிலையில் நீரில் கலக்கிவிட்டு, வெசிக்கிள் (சவ்வாலான நுண்குமிழி) வரவில்லையே என்று புலம்பிப் பயனில்லை.

அப்புறம் வெளிச்சம். ஒளிரும் சாயம் போட்ட சவ்வை மைக்ரோஸ்கோப்பில் நெடுநேரம் காட்டினால், லிப்பிட் ஆக்சிஜனேற்றமாகி முன்பு இல்லாத திட்டுகள் தோன்றலாம். சவ்வின் புதிய கட்டம் (phase) கண்டுபிடித்துவிட்டோம் என்று கட்டுரை எழுத உட்காரும் முன், இருட்டிலேயே வைத்திருந்த மாதிரியையும் ஒருமுறை பாருங்கள்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, எதிர்பார்த்த எண் வந்ததும் சோதிப்பதை நிறுத்திவிடுவது. 1925-இல் நெதர்லாந்தின் லைடனில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற ஆய்வாளர்கள் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து அசிட்டோனால் லிப்பிடைப் பிரித்து நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அந்தச் சிவப்பணுக்களின் பரப்பைப் போல இரு மடங்கு வந்தது. ஆகவே சவ்வு ஈரடுக்கு என்றார்கள். முடிவு சரி. ஆனால் அசிட்டோன் எல்லா லிப்பிடையும் எடுக்கவில்லை, உலர்ந்த சிவப்பணுவை அளந்ததால் பரப்பும் குறைவாகக் கணக்கானது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன! நமக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்று நம்பி வேலை செய்ய முடியாது.

வேலைப்பாதையைப் பற்றி ஒன்று: உயிரியலைக் கூட்டாளி பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்கிவிடாதீர்கள். எர்வின் நேஹர் இயற்பியல் படித்தவர், சக்மன் மருத்துவம் படித்தவர். 1976-இல் இருவரும் சேர்ந்து ஒற்றை அயனிச் சானலின் (சவ்வில் அயனிகள் கடக்கும் புரத வழி) மின்னோட்டத்தை அளந்தார்கள், 1991-இல் நோபல் பரிசு கிடைத்தது. நுண்ணிய கண்ணாடிப் பிப்பெட்டின் முனையைச் சவ்வில் ஒட்டி அளக்கும் அந்த முறையில், முனையில் துளி அழுக்கு இருந்தாலும் சவ்வு இறுக ஒட்டாது, அதனால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதுப் பிப்பெட். செல் வளர்க்கும் அறையில் சில வாரம் கைவேலை கற்றுக்கொள்ளுங்கள். நேற்று வேலை செய்த மாதிரி இன்று ஏன் செய்யவில்லை என்பது பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும்.