காமிக்ஸ் ஒரிஜினல் பக்கத்தைப் பார்ப்பது எப்படி? பென்சிலையும் மையையும் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

அச்சான காமிக்ஸில் மட்டுமே ஓர் ஓவியரை ரசித்தவர்கள், அவர் கைப்பட வரைந்த ஒரிஜினல் பக்கத்தை முதலில் பார்க்கும்போது சற்றுத் திகைத்துப்போவார்கள். பக்கம் பெரிதாக இருக்கும், அழுக்காகவும் இருக்கும். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள், நடுவே நீலக் கோடுகள், ஆங்காங்கே வெள்ளைப் பூச்சு, ஒட்டுத்துண்டைச் சுற்றி மஞ்சள் கறை.

அந்தப் பக்கம் அச்சகக் கேமராவுக்காகத் தயாரானது என்பதுதான் இதற்குக் காரணம். கேமராவில் இருந்த ஃபிலிமுக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். அதில் விழாத எதையும் மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. ஆகவே கேமரா விட்டுவிட்டதையெல்லாம் கண்டுபிடித்துப் படிப்பதுதான் ஒரிஜினலை ரசிக்கும் வழி. கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் 1960, 70களின் அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களிலிருந்து.

படி 1: சரியான பிரதியும் கருவிகளும்

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகம், வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஆகிய இரண்டிலும் பெரும் சேகரிப்புகள் உள்ளன. ஸ்டீவ் டிட்கோ வரைந்த, ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டு இதழின் 24 ஒரிஜினல் பக்கங்களை, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 2008இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குக் கொடையாக அளித்தார். பென்சிலும் இங்கிங்கும் (பென்சில் கோடுகளின் மேல் மை போடுவது) டிட்கோவே செய்தவை என்பதால், ஒரே கையின் இரண்டு வேலைகளையும் அங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

நேரில் பார்க்க வழியில்லாவிட்டால், ஒரிஜினலை வண்ணத்தில் ஸ்கேன் செய்து முழு அளவில் அச்சிட்ட பதிப்புகள் போதும். ஐடிடபிள்யூ நிறுவனம் 2010 முதல் இப்படிப் பல தொகுப்புகளை வெளியிட்டது. சாதாரணக் கறுப்பு வெள்ளை மறுபதிப்பு மட்டும் இதற்கு உதவாது. அதில் பென்சில் தடம், நீலக் கோடு, வெள்ளைப் பூச்சு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் அச்சிட்டிருப்பார்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் லூப் (சிறிய கைலென்ஸ்), சிறிய டார்ச், ஸ்கேல், அதே பக்கத்தின் அச்சுப் பிரதி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஒரிஜினலின் அருகே பேனாவே வேண்டாம், குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். ஸ்கேலையும் தாளின் மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்து அளவெடுங்கள்.

படி 2: அளவெடுங்கள்

1967 வாக்கில் அமெரிக்கப் பதிப்பகங்கள் தாளின் அளவைச் சுருக்கின. அதற்கு முன் வரையும் பரப்பு ஏறத்தாழ 12½க்கு 18½ அங்குலம், அதாவது அச்சு அளவைப் போல் இரு மடங்கு. அதன்பின் 11க்கு 17 அங்குல பிரிஸ்டல் போர்டில் (தடித்த ஓவியத் தாள்), 10க்கு 15 அங்குலப் பரப்பு.

அளவு மாறியதும் கோடும் மாறியது. பெரிய தாளில் வரையும்போது முழங்கையிலிருந்து கையை வீசி வரையலாம். வளைவு நீளமாக, தடையின்றி வரும். சிறிய தாளில் மணிக்கட்டு வேலைதான் அதிகம். ஒரே ஓவியரின் 1966ஆம் ஆண்டுப் பக்கத்தையும் 1969ஆம் ஆண்டுப் பக்கத்தையும் அருகருகே வைத்தால் பேனல்களின் (படக் கட்டங்களின்) எண்ணிக்கை, முகங்களின் நெருக்கம், பின்னணி விவரம் எல்லாவற்றிலும் வித்தியாசத்தைத் தேடிப் பாருங்கள்.

படி 3: சாய்ந்த வெளிச்சத்தில் கறுப்பைப் பாருங்கள்

இதை நேரில் மட்டுமே செய்ய முடியும். டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். அச்சில் சீரான கறுப்பாகத் தெரிந்த இடம் இப்போது பிரிந்து தெரியும்: பிரஷ் போன திசை, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இரண்டு பூச்சுகள், அடியிலிருந்து எட்டிப்பார்க்கும் சாம்பல் நிறம். இந்தியன் இங்க்கில் கார்பன் கரியும், பொதுவாக அரக்கும் இருக்கும். அதனால் மை தடித்த இடங்களில் லேசான பளபளப்பு தெரியும். கார்பன் வெளிச்சத்தில் மங்காது.

கறுப்பு பழுப்பாகவோ ஊதாவாகவோ திரும்பியிருந்தால் அங்கே மார்க்கர் பேனா பயன்பட்டிருக்கிறது. சாய மை வெளிச்சம் பட்டால் மங்கும், தாளுக்குள் ஊறிப் பின்பக்கமும் தெரியும். பெரிய கறுப்புப் பரப்புகளை அவசரமாக நிரப்ப மார்க்கரை எடுப்பது வழக்கம். எனவே ஒரே பேனலில் கோடு ஆழ்ந்த கறுப்பாகவும் நிரப்பல் பழுப்பாகவும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படி 4: பென்சிலைத் தேடுங்கள்

இங்கிங் முடிந்ததும் பென்சிலை ரப்பரால் அழித்துவிடுவார்கள். ஆனாலும் மிச்சம் இருக்கும். எங்கே தேடுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் வசன பலூன்களின் உள்ளே பாருங்கள். அன்றைய வழக்கப்படி, பென்சில் முடிந்த பக்கம் முதலில் பலூன்களில் வசனத்தை மையால் எழுதும் எழுத்துக் கலைஞரிடம் போகும், அதன்பிறகே மை போடும் இங்கரிடம். பலூன் ஏற்கெனவே மையில் இருந்ததால் இங்கர் அதன் விளிம்போடு நின்றுவிடுவார். பலூனுக்கு அடியில் ஒரு தோளோ கட்டடமோ பென்சிலிலேயே தங்கிவிடும். பென்சில் ஓவியரின் கை எப்படி அழுத்தியது, உருவத்தை முழுதாகக் கட்டிவிட்டுத்தான் மறைத்தாரா என்பதையெல்லாம் இங்கே பார்க்கலாம்.

அடுத்து, கறுப்பு நிரப்பிய இடங்கள். பென்சிலில் முழுக்கக் கறுப்பாக்கினால் கிராஃபைட் பிசுபிசுத்து மை ஒட்டாது, நேரமும் வீண். அதனால் சின்னப் பெருக்கல் குறி போட்டு, ‘இங்கே கறுப்பு’ என்று இங்கருக்குச் சொல்வார்கள். மை மெலிதாக விழுந்த இடத்தில் அந்தக் குறி இன்னும் தெரியும்.

பிறகு ஓரங்கள். ஓவியர் ஜாக் கிர்பி 1960களில் மார்வல் பதிப்பகத்துக்கு வரைந்த பக்கங்களில் ஓரக்குறிப்புகள் மிக முக்கியமானவை. முழு வசனம் எழுதப்படும் முன்பே படம் வரையப்பட்டதால், ஒவ்வொரு பேனலிலும் என்ன நடக்கிறது என்று வசனம் எழுதும் ஸ்டான் லீக்காகக் கிர்பி ஓரத்தில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பையும் பலூனில் அச்சான வசனத்தையும் ஒப்பிட்டுப் படியுங்கள். கதையை யார் எங்கே நகர்த்தினார் என்ற நீண்ட விவாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று அரிது.

நீலப் பென்சிலின் ரகசியமும் கேமராவில்தான் இருக்கிறது. அச்சக ஃபிலிம் நீல ஒளிக்குக் கூர்மையாக வேலை செய்யும். வெளிர் நீலக் கோட்டையும் வெள்ளைத் தாளையும் அது ஒன்றாகவே பதிவு செய்யும். எனவே நீலத்தை அழிக்கத் தேவையில்லை. சிவப்பு நேர்மாறு, கறுப்பாக விழுந்துவிடும்.

படி 5: பிரஷா, நிப்பா?

பேனலின் ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை லூப் வழியே பின்தொடருங்கள்.

பிரஷ் கோடு மெலிதாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலியும். மாற்றம் வழவழப்பாக இருக்கும். வேகமாக இழுத்த இடத்தில் முடிகள் பிரிந்து, நடுவே தாள் தெரியும். நிப் கோட்டில் தடிப்பு மாறுவது சற்றுத் திடீரென்று நடக்கும். அழுத்தியபோது நிப்பின் இரு முனைகளும் விரிந்து மை தீர்ந்திருந்தால், கோடு தண்டவாளம் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். தாளில் மெல்லிய கீறலும் இருக்கலாம். பேனல் சட்டங்களில் தடிப்பே மாறாது, அவை கோடு போடும் பேனா அல்லது டெக்னிக்கல் பேனாவின் வேலை. மூலைகளில் கோடு தாண்டிப் போயிருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக மேலே வெள்ளைப் பூச்சு இருக்கும்.

அடுத்து ஃபெதரிங்: நிழலின் விளிம்பிலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் கூராக நீளும் கோட்டு வரிசை. ஒரு தசையின் மேல் இந்தக் கோடுகள் அதன் உருண்டையைத் தழுவி வளைகின்றனவா, அல்லது எல்லாம் ஒரே கோணத்தில் விழுந்திருக்கின்றனவா? முதல் வகையைச் செய்தவருக்கு உடலின் வடிவம் தெரியும். இரண்டாவது பெரும்பாலும் அவசரம். ஓர் இங்கரின் தரத்தை அறிய இந்த ஒரு சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

படி 6: ஒரே பென்சில், வேறுவேறு கைகள்

தொடங்குபவர்களுக்குக் கிர்பியைவிட நல்ல பாடம் இல்லை. அவர் பெரும்பாலும் பென்சிலோடு நிறுத்திக்கொண்டார், இங்கிங் செய்தவர்கள் பலர். ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொடரில் 1965 முதல் ஜோ சின்னட் செய்த இங்கிங்கைப் பாருங்கள்: விளிம்புகள் கூர்மை, உலோகம் பளபளக்கும், முகங்கள் மென்மை. அதே காலத்தில் தோர் கதைகளுக்கு வின்ஸ் கொலெட்டா மெல்லிய நிப் கோடுகளை அடர்த்தியாகப் போட்டார். புராண உலகத்துக்கு அது பழைய செதுக்கோவியச் சாயலைத் தந்தது. ஆனால் பின்னணி உருவங்களையும் விவரங்களையும் அவர் விட்டுவிடுவது உண்டு. கிர்பியின் கூட்டக் காட்சிகளை விரும்புகிறவர்களுக்கு அது உறுத்தும். 1970களில் மைக் ராயர் பென்சிலில் இருந்ததை அப்படியே மையாக்குவதைக் கொள்கையாக வைத்தார்.

1970களில் கிர்பியின் பென்சில் பக்கங்கள் பலவற்றுக்கு ஜெராக்ஸ் நகல் எடுக்கப்பட்டது. அவற்றில் நிறைய பிறகு வெளியாகியுள்ளன. பென்சில் நகல், மை போட்ட பக்கம் இரண்டையும் எடுத்து ஒரு கண், ஒரு கை, ஒரு உடை மடிப்பு என்று மூன்றே இடங்களை ஒப்பிடுங்கள். முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிட்டால் எதுவும் மனதில் நிற்காது.

படி 7: திருத்தங்கள்

வெள்ளைப் பூச்சு சாய்ந்த வெளிச்சத்தில் மேடாகத் தெரியும். பிழையை மறைப்பது மட்டுமே அதன் வேலை என்று நினைக்க வேண்டாம். நட்சத்திரங்கள், தீப்பொறி, மழை எல்லாம் கறுப்பின் மேல் வெள்ளையால் போட்டவையே.

திருத்திய படத்தைத் தனியே வரைந்து மேலே ஒட்டிய ஒட்டுத்துண்டு பெரும்பாலும் பதிப்பகத்தின் முடிவு. கிர்பி மார்வலை விட்டு டிசி பதிப்பகத்துக்குப் போய் வரைந்த ஜிம்மி ஓல்சன் இதழ்களில், சூப்பர்மேன் முகங்களை நிறுவனத்தின் வழக்கமான தோற்றத்துக்கு மாற்றி அல் பிளாஸ்டினோவும் மர்ஃபி ஆண்டர்சனும் வரைந்தார்கள். ஒரே உருவத்தில் உடலின் கோடு ஒருவகை, முகத்தின் கோடு வேறுவகை என்று தெரிந்தால் இப்படி ஏதோ நடந்திருக்கிறது. ஒட்டுத்துண்டைச் சுற்றிய மஞ்சள், ரப்பர் சிமென்ட் பசை மூப்படைந்ததால் வருவது; கடைசியில் பசை பிடிப்பையும் இழந்து துண்டு உதிரும். ஜிப்-அ-டோன் என்ற புள்ளி ஒட்டுத்தாளும் சுருங்கி, விளிம்பில் எழும்பும். இவற்றைத் தொட்டு ‘சரிசெய்ய’ முயலவே கூடாது.

படி 8: நீங்களே ஒரு பேனலுக்கு மை போடுங்கள்

வெளியான பென்சில் நகல் ஒன்றிலிருந்து ஒரு பேனலை மட்டும், வெளிர் நீலத்தில், வழவழப்பான பிரிஸ்டல் போர்டில் அச்சிடுங்கள். இங்க்ஜெட் பிரின்டர் நல்லது. லேசர் டோனர் மேல் மை வழுக்கும். அச்சை நன்கு உலரவிட்ட பிறகு தொடங்குங்கள், இல்லையென்றால் நீலம் கரைந்து கலங்கும்.

3ஆம் எண் சேபிள் முடி பிரஷ், வளையும் தன்மையுள்ள நிப், நீரில் கரையாத இந்தியன் இங்க் போதும். பிரஷை முடியின் பாதிவரை மட்டும் தோயுங்கள். உலோகப் பிடிக்குள் மை ஏறிக் காய்ந்தால் முடிகள் விரிந்து, கூர்முனை திரும்பவே வராது. முதலில் சட்டம், பிறகு உருவக் கோடுகள், அடுத்து கறுப்பு, கடைசியாக ஃபெதரிங். கோட்டை உங்களை நோக்கி இழுங்கள். திசை ஒத்துவராவிட்டால் தாளைத் திருப்புங்கள். கோடு நடுங்கினால் பெரும்பாலும் நீங்கள் மிக மெதுவாகப் போகிறீர்கள். மை வேர்விட்டுப் பரவினால் குறை தாளில்.

முடிந்ததும் ஸ்கேன் செய்து 60 சதவீதத்துக்குச் சுருக்கி அச்சிடுங்கள். நெருக்கமாகப் போட்ட கோடுகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகியிருக்கும், முடி போன்றவை காணாமலே போயிருக்கும். அடைத்த இடங்களை வட்டமிட்டுக்கொண்டு, அதே இடத்தில் சின்னட்டோ ராயரோ எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று லூப்பில் பாருங்கள். பிறகு அதே பேனலை இன்னொரு தாளில் அச்சிட்டு, அந்த இடைவெளியோடு மறுபடி போடுங்கள்.